செப்டம்பர், புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு, மலேசியா

செப்டம்பர் 1, 2025, திங்கள்

மெர்டேக்கா (சுதந்திர தினம்) ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் இன்றைக்கும் விடுமுறை. அப்பா காலையிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விடுமுறை நாளில் மருத்துவமனையிலிருந்து யார் கூப்பிடப் போகிறார்கள் என்றேன். "கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க" என்றார்.

படிநிலை ஒன்றுக்கு, அதாவது முதல் மூன்று ஆண்டுகளுக்கு, செப்டம்பர் மாதப் பயிற்சித்தாள்களைத் திரட்டிப் பொதுக் கோப்புறையில் போடும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. "இணையத்தில்தான் கொட்டிக் கிடக்கிறதே, எடுத்துப் போடுங்கள் டீச்சர்" என்று கூட்டத்தில் சொன்னார்கள். கொட்டித்தான் கிடக்கிறது. செப்டம்பர் என்று தட்டியதும் முதலில் வருவது அணில். ஓக் கொட்டையைக் கட்டிப்பிடித்த அணில், கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிய அணில், கண்ணாடி போட்டுப் புத்தகம் படிக்கும் அணில். அப்புறம் ஆப்பிள் கூடை, சிவப்பு மேப்பிள் இலை, மஞ்சள் பள்ளிப் பேருந்து, புதிய கல்வியாண்டுக்கு வரவேற்பு. எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது பிப்ரவரியில். இப்போது புத்தக முனையெல்லாம் மடங்கிப்போய், பாதிப் பேரிடம் அழிப்பான்கூடக் கிடையாது.

செப்டம்பர் 2, செவ்வாய்

கூப்பிடவில்லை.

செப்டம்பர் 3, புதன்

ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் தேடினேன். தமிழ்நாட்டுச் செப்டம்பர் வந்து நின்றது. 5ஆம் தேதி ஆசிரியர் தினம், 11 பாரதி நினைவு நாள், 15 அண்ணா, 17 பெரியார், இடையில் காலாண்டுத் தேர்வு வினாத்தாள் மூட்டை மூட்டையாக. நல்ல தாள்கள் இருக்கின்றன. சும்மா சொல்லக்கூடாது, எழுத்து வரிசைகளும் சொல் விளையாட்டுகளும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எங்களுக்கு ஆசிரியர் தினம் மே 16. காலாண்டு என்றால் என் பிள்ளைகள் என்ன என்று கேட்பார்கள்.

ஆக, ஒரு பக்கம் இங்கிலாந்து, இன்னொரு பக்கம் தமிழ்நாடு. நடுவில் நாங்கள்.

இரவு ஒரு தாளைத் தமிழில் மாற்றி பி.டி.எஃப். ஆக்கினால் கொம்பெல்லாம் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கிறது. "கெண்டி" என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு தனியாக, அதற்குப் பக்கத்தில் புள்ளிவட்டம் ஒன்று. ஏழு வயதுப் பிள்ளை அந்த வட்டத்தையும் சேர்த்து எழுதிப் பழகும். எழுத்துருவை மாற்றி, படமாகச் சேமித்து, ஒட்டி... மணி பன்னிரண்டு. ஒரு தாள்தான் முடிந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

நிழல் தாள் ஒன்று கிடைத்தது. இரண்டாம் ஆண்டு அறிவியலில் ஒளியும் இருளும் இருக்கிறது, சரியாகப் பொருந்தும் என்று இறக்கினேன். "செப்டம்பரில் நண்பகல் நிழல் நாளுக்கு நாள் நீளும். நிழல் வடக்கே விழும்." கீழே ஒரு பையன், கால்பந்துக் கம்பம், நீளமான நிழல்.

அங்கே அது உண்மை. இங்கே?

பெயின்ட் டின்னில் மணலைக் கொட்டி மீட்டர் கோலைக் குத்தி வைத்தேன். நமக்கு உச்சிப்பொழுது பன்னிரண்டுக்கு வராது, ஒன்றேகால் ஆகும். ஒன்று பதினேழுக்குப் பார்த்தேன். ஒரு மீட்டர் கோலுக்கு மூன்று சென்டிமீட்டர்கூட நிழல் இல்லை. இருந்த கொஞ்சமும் சிற்றுண்டிச்சாலைப் பக்கம், அதாவது தெற்கே விழுந்தது. சூரியன் இன்னும் நமக்கு வடக்கே இருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறங்கி வருகிறது. பினாங்கு 5.4 பாகை வட அகலாங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் 8, 9 தேதிகளில் நேராகத் தலைக்கு மேல் வரும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நெழலே இருக்காதா?" என்று கேட்டுவிட்டு, போனின் ஒலி அளவைச் சரிபார்த்தார்.

செப்டம்பர் 5, வெள்ளி

மவுலிது நபி விடுமுறை. 04 என்று தொடங்கும் எண்ணிலிருந்து அழைப்பு. அப்பா எழுந்தே நின்றுவிட்டார். காப்புறுதி விற்கிற பெண்.

செப்டம்பர் 8, திங்கள், விடியற்காலை

அப்பா தூங்கவில்லை. அதனால் நானும் தூங்கவில்லை. ஒன்றரையிலிருந்து மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்வரை முழுச் சந்திர கிரகணம். வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டோம். அம்மா இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாள். மேகம் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு முறை நன்றாக விலகியபோது நிலா தேய்த்து வைத்த செம்புச் சட்டியின் அடிப்பாகம் மாதிரி இருந்தது. பூமியின் காற்றுமண்டலம் வளைத்து அனுப்பும் சிவப்பு வெளிச்சம் என்று விளக்கினேன். "ஒன் வகுப்புல சொல்லு" என்றார்.

இந்த நிலவில்தான் மூன்கேக் விழா என்று நினைத்துப் பக்கத்து வகுப்பு டீச்சர் தங்லோங் (காகித விளக்கு) தாள்களைச் செப்டம்பர் கோப்புறையில் போட்டிருக்கிறார். சீன நாட்காட்டியில் இவ்வருடம் ஆறாம் மாதம் இரண்டு தடவை வந்துவிட்டது. விழா அக்டோபர் 6. நகர்த்த வேண்டும்.

அதே நாள், மாலை

கண்ணெல்லாம் எரிச்சல். ஒன்றேகாலுக்குச் சரியாக மேகம் மூடிக்கொண்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்

வெயில்!

இரண்டாம் ஆண்டுக்கு ஒன்று பத்துக்கு மணி அடித்துவிடும். வெளியே வேன்காரர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள். பத்து நிமிடம் கொடுங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் பிள்ளைகளைச் சபைகூடும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கொடிக்கம்பத்துக்கு நிழல் இல்லை. அத்தனை உயரக் கம்பத்தின் நிழல் அடியிலிருக்கும் சிமெண்டு மேடைக்குள்ளேயே அடங்கிவிட்டது. மீட்டர் கோலில் அளந்தால் மூன்று, நான்கு மில்லிமீட்டர். அதுவும் சந்தேகம்தான்.

பிள்ளைகள் கோலைப் பார்க்கவில்லை, தங்களையே பார்த்துக்கொண்டார்கள். தலையின் நிழல் காலணி மேல் விழுகிறது. ஒருத்தி இரண்டு கையையும் விரித்தாள், வெள்ளைக் காலணியைச் சுற்றி நிழலும் விரிந்தது. மூன்றாவது வரிசைப் பையன் குதித்தான், குதித்தபோது நிழல் காலுக்குக் கீழே தனியாகத் தரையில் கிடந்தது. அவ்வளவுதான், இருபத்தேழு பேரும் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வேன்காரரும் இறங்கி வந்து தன் காலடியைப் பார்த்துவிட்டுப் போனார்.

தமிழ்நாட்டில் இதை நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் கொண்டாடுகிறார்கள். நமக்கு வருடத்தில் இரண்டு முறை வருகிறது, ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும். இதற்கு ஒரு பயிற்சித்தாள்கூடக் கிடைக்கவில்லை. அணிலுக்கு ஆயிரம் இருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன். "பட்டியலில் இருக்கிறது, காத்திருங்கள்."

செப்டம்பர் 11, வியாழன்

பாரதி நாளை வைத்துக்கொண்டேன். நினைவு நாள் 11ஆ 12ஆ என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். 1921 என்று மட்டும் தாளில் இருக்கிறது. மீசைக்கும் தலைப்பாகைக்கும் வண்ணம் தீட்டச் சொன்னால் ஒரு பிள்ளை தலைப்பாகைக்குப் பச்சை. இருக்கட்டும்.

செப்டம்பர் 13, சனி

பள்ளி விடுமுறை தொடங்கியது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு கூலிம் பக்கம் அண்ணி வீட்டுக்கு. போகமாட்டேன் என்று அடம். வீட்டில் இல்லாத நேரத்தில் அழைப்பு வந்தால்? கைப்பேசி என்றால் கையோடு வருவதுதான் அப்பா என்று சொல்லி வண்டியில் ஏற்றினேன்.

அண்ணி வீட்டுப் பின்னால் கொஞ்சம் பால்மரங்கள் (ரப்பர்) மிச்சம் இருக்கின்றன. மதிய வெயிலில் காய் வெடிக்கிற சத்தம். டப் என்று மேலே ஒன்று, பிறகு தகரக் கூரையில் விழும் சத்தம். அப்பாவின் முகம் மாறிவிட்டது. எத்தனை நாளாயிற்று அந்த முகத்தைப் பார்த்து. குனியக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் அவர் கைகாட்ட நான் பொறுக்கினேன். வாளி நிறைந்தது.

திண்ணையில் பழைய பேப்பரை விரித்துக் கொட்டினோம். பளபளவென்று, பழுப்பில் சாம்பல் கோடும் புள்ளியுமாக. எனக்கு எல்லாம் ஒரே கொட்டை. அப்பா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து மூன்று குவியலாகப் பிரித்தார். "இது வேலியோர மரம். இது கெணத்தடி. இது எங்கனு தெரியல, பக்கத்துக் காட்டுலருந்து வந்திருக்கும்." ஒரு மரத்துக் கொட்டையெல்லாம் ஒரே வரி, ஒரே புள்ளி. ஓட்டின் கோலம் தாய்மரத்திலிருந்து வருவது. தோட்டத்தில் கொட்டையைப் பார்த்தே இன்ன ஒட்டுமரம் என்று சொல்வார்களாம். சின்ன வயதில் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்து அடுத்தவன் தொடையில் வைப்போமே, அப்போது யார் புள்ளியைப் பார்த்தோம்.

இதுதான் என் ஓக் கொட்டை! எண்ணலாம், பத்துப் பத்தாகக் கட்டலாம், வரியைப் பார்த்து வகைப்படுத்தலாம். வாயில் வைக்கக்கூடாது, பச்சைக் கொட்டையில் நஞ்சு இருக்கிறது என்பதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

இலை உதிர்வது பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் தை, மாசி. மரமெல்லாம் செவந்து கொட்டும், பால் கொறஞ்சுரும், சம்பளமும் கொறஞ்சுரும்." எங்கள் இலையுதிர்காலத்தில் கூலி உதிரும் என்று தாளில் போட முடியாது.

செப்டம்பர் 14, ஞாயிறு

யோசித்துப் பார்த்தால், இந்தப் பால்மரமும் இந்த மண்ணுடையதில்லை. 1876இல் பிரேசிலிலிருந்து விதையாக லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், 1877இல் நாற்றாகச் சிங்கப்பூரில் வந்து இறங்கியது. இங்கிலாந்து வழியாகத்தான் வந்திருக்கிறது. மரமும் கப்பல், நாங்களும் கப்பல். அணிலை ரொம்பத் திட்டவும் எனக்கு வாயில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மலேசியா தினம். பத்துத் தாள் பார்த்தால் ஏழில் மெர்டேக்காவும் இதுவும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. மலாயாவுக்குச் சுதந்திரம் 1957 ஆகஸ்ட் 31. மலாயா, சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா ஆனது 1963 செப்டம்பர் 16. சிங்கப்பூர் போனது 1965. பொது விடுமுறையானது 2010இல்தான், அதனால் எனக்கே பள்ளிப் பருவத்தில் இந்த நாள் பற்றி நினைவே இல்லை. இலவசக் கொடிப் படம் ஒன்றில் பட்டைகளை எண்ணினேன், பதின்மூன்று. நட்சத்திரத்துக்குப் பன்னிரண்டு முனை. இரண்டும் பதினான்கு இருக்க வேண்டும். குப்பையில் போட்டேன்.

அப்பா கேட்டார், உச்சிவெயில் ஏன் ஒன்றேகாலுக்கு வருகிறது என்று. 9ஆம் தேதிக் கேள்வியை இன்றைக்குக் கேட்கிறார். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் மணியைச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்க அரைமணி முன்னே தள்ளினார்கள் என்றேன். "ஆமா ஆமா. அதுக்கப்புறம் பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்கு) போறப்ப கும்மிருட்டா இருக்கும். வெளக்கு இல்லாம வெட்டே தெரியாது. மணிய மாத்துனாங்க, மரத்த மாத்தல." சிரித்தார். இந்த மாதத்தில் சிரித்துப் பார்த்தது இன்றைக்குத்தான்.

நான் தாளில் எழுதினேன்: சபாவும் சரவாக்கும் நம்மோடு சேர்ந்தன, நம் கடிகாரம் அவற்றோடு சேர்ந்தது. தலைமையாசிரியர் வெட்டினாலும் வெட்டுவார்.

செப்டம்பர் 18, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசிச் சனி. கோயிலில் கூட்டம். அப்பா வெளியே நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார், உள்ளே சிக்னல் கிடைக்காதாம். பெருமாளிடம் கோபம் வந்தது. அவரிடம் கோபப்பட்டு என்ன, பட்டியல் அவர் கையிலா இருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

பள்ளி திறந்ததும் முதல் வேலையாகக் கோலை நட்டோம். இப்போது ஒன்று பன்னிரண்டுக்கு உச்சி. நிழல் ஒன்பது சென்டிமீட்டர், மண்டபத்துப் பக்கம். வடக்கே! விடுமுறைக்கு முன் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் சாக்குக்கட்டியால் போட்ட கோட்டின் மிச்சம் இன்னும் தெரிகிறது. "டீச்சர், நிழல் கட்சி மாறிருச்சு" என்றான் மூன்றாவது வரிசை. வீட்டில் என்ன பேசுகிறார்களோ.

இன்று நள்ளிரவு தாண்டி இரண்டு பத்தொன்பதுக்குச் சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டுகிறது. இங்கிலாந்துத் தாள்கள் அதை இலையுதிர்காலத்தின் முதல் நாள் என்கின்றன. பகல் குறையக் குறைய, மரம் பச்சையத்தை விட, அடியில் இருந்த மஞ்சள் வெளியே தெரியும். சிவப்பு புதிதாக உண்டாவது. லண்டனில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். பினாங்கில் நாற்பது நிமிடம்கூட வராது. நம் மரத்துக்குப் பகலைப் பார்த்து ஏமாற வழியே இல்லை. வாசலில் நிற்கும் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) மட்டும் எந்த மாதத்திலும் ஒன்றிரண்டு சிவப்பு இலையைப் போட்டுக்கொண்டிருக்கும்.

செப்டம்பர் 24, புதன்

பக்கத்து வகுப்பு டீச்சர் கொட்டைத் தாளைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா பிள்ளைங்களுக்கு அணில்தான் பிடிக்கும்" என்றார். உண்மைதான். கண்ணாடி போட்ட அணிலை வெட்டி எடுத்துப் பால்மரத்தடியில் ஒட்டிவிட்டேன். வகுப்புப் பயன்பாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அதன் உரிமக் குறிப்பிலேயே இருக்கிறது. ஓக் கொட்டையைப் பிடுங்கிவிட்டு ரப்பர் கொட்டையைக் கையில் கொடுத்தேன். ஆனால் அணில் அதைத் தின்கிறமாதிரி இருக்கிறதே, இவர்களும் தின்றால்? படத்தை மறுபடி மாற்ற வேண்டும். கூடையில் போடுகிற மாதிரி.

புகைமூட்டத் தாளும் சேர்த்தாயிற்று. 2019 செப்டம்பரில் புகையால் பள்ளிகளை மூடியபோது இந்தப் பிள்ளைகள் தொட்டிலில் இருந்தார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டு எண்ணைப் பார்த்து வண்ணம் தீட்டுவது: 50 வரை நன்று, 100 வரை மிதம், அதற்கு மேல் போனால் வெளியே விளையாட்டு இல்லை.

நாளைக்கு நவராத்திரிக் கொலுத் தாள், படிகளை எண்ணுவது.

செப்டம்பர் 25, வியாழன்

அப்பாவின் பசி குறைந்துகொண்டே போகிறது. காலையில் இரண்டு இட்லியில் ஒன்றைக் காக்கைக்கு வைத்துவிட்டார்.

செப்டம்பர் 26, வெள்ளி

மூன்றாவது பாட வேளையில் அழைப்பு. அப்பாவின் போனுக்கு வரவில்லை, பதிவில் இருந்த என் எண்ணுக்கு வந்தது. திங்கள் காலை ஏழு மணி, நள்ளிரவுக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக்கூடாது, கூட ஒருவர் இருக்க வேண்டும், பழைய அட்டையும் அடையாள அட்டையும். சாக்குக்கட்டியால் மேசையிலேயே எழுதிக்கொண்டேன்.

விடுப்புப் பாரம் கொடுத்தாயிற்று. பதில் ஆசிரியருக்குக் கொட்டை டின், கோல் எல்லாம் எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். கொலுத் தாள் பாதியில் நிற்கிறது, அணில் இன்னும் தின்றுகொண்டுதான் இருக்கிறது, கோப்புறையில் ஏற்றியது ஒன்பது தாள். மீதி