சாவி யார் கையில் இருக்கிறது?

நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்கு, எங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியொன்றின் பின்படிக்கட்டின் அடியில், கையில் டார்ச் விளக்குடன் நின்றுகொண்டிருந்தேன். அது தீ விபத்து ஒத்திகை. முன்வாசலைப் புகை அடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, மாணவர்கள் அனைவரும் பின்படி வழியாக இறங்கி மைதானத்துக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு. மணி அடித்தது. தூக்கக் கலக்கத்தோடு இறங்கிவரும் காலடியோசை மேலிருந்து கேட்டது. முதலில் வந்த மாணவன் வெளியே போகும் கதவைத் தள்ளினான், கதவு அசையவில்லை. தாழ்ப்பாளைச் சுற்றி ஒரு சங்கிலியும் அதில் ஒரு பூட்டும் தொங்கின.

என்னுடன் நின்ற இரவுக் காவலாளியைப் பார்த்தேன். "சாவி காப்பாளர் அறையில இருக்குங்க சார். அவரு இன்னைக்கு லீவு, அறையைப் பூட்டிட்டுப் போயிட்டாரு" என்றார். குற்றவுணர்வில் அவருடைய குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் குற்றம் அவருடையது அல்ல. மாற்றுச் சாவி நிர்வாக அலுவலகத்திலிருந்து வந்து சேர்வதற்குப் பதினோரு நிமிடங்கள் ஆயின. அதுவரை எண்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் அந்தக் குறுகிய படிக்கட்டில் ஒருவர் பின் ஒருவராக நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கீழே நிற்பவர்களுக்குக் கதவு பூட்டியிருப்பது தெரியும். மேலே நிற்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். கதவோரம் நின்ற மாணவன் இரு கைகளையும் கதவில் ஊன்றி, பின்னாலிருந்து வந்த பாரத்தை முதுகால் தாங்கிக்கொண்டிருந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

மெத்தையும் நுரைப்பஞ்சும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இன்றைய அறைகளில், ஒரு சிறு தீ அறை முழுவதையும் பற்றிக்கொள்ளச் சில நிமிடங்களே போதும். தீ விபத்துகளில் சுடர் கொல்வதைவிடப் புகை கொல்வதே அதிகம். அப்படியிருக்க, பதினோரு நிமிடம் என்பது தாமதம் என்ற சொல்லுக்குள் அடங்குவதில்லை. அன்றிலிருந்து, பல்கலைக்கழகப் பாதுகாப்பைப் பற்றி யார் பேசினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: அந்த நேரத்தில், அந்த இடத்தில் நிற்பவர் கையில் சாவி இருக்கிறதா?

அந்தக் கதவைப் பூட்டியவர்களும் பாதுகாப்பை நினைத்துத்தான் பூட்டினார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பின்வாசல் வழியாக வெளியாட்கள் நுழைகிறார்கள், பொருள்கள் திருடு போகின்றன என்று மாணவர்களே புகார் கொடுத்திருந்தார்கள். அந்தப் பயம் வீண் பயமும் அல்ல. 1986-இல் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஜீன் கிளெரி என்ற மாணவி தம்முடைய விடுதி அறையிலேயே கொலை செய்யப்பட்டார். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை வசதிக்காக யாரோ முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். கொலையாளி அவற்றின் வழியாகத்தான் உள்ளே வந்தான். அந்த மாணவியின் பெற்றோர் விடாமல் போராடியதன் பயனாக 1990-இல் கிளெரி சட்டம் வந்தது. வளாகத்தில் நடக்கும் குற்றங்களின் கணக்கை மறைக்காமல் ஆண்டுதோறும் வெளியிட வேண்டிய கடமையை அந்தச் சட்டம் அங்குள்ள பல்கலைக்கழகங்கள்மீது சுமத்தியது.

ஆகவே, கதவு வெளியிலிருந்து வருபவனுக்குப் பூட்டியிருக்கவும் வேண்டும், உள்ளிருந்து ஓடிவருபவனுக்குத் திறக்கவும் வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றினாலும், இதற்கான தீர்வு பல ஆண்டுகளாகவே இருக்கிறது. கதவின் உட்புறத்தில் இடுப்புயரத்தில் குறுக்காக ஒரு கம்பி இருக்கும். உடம்பால் முட்டினாலே தாழ் விடுபட்டுவிடும். வெளிப்புறத்தில் பிடியே இருக்காது. யாராவது தேவையில்லாமல் திறந்தால் காவலறையில் மணி ஒலிக்கும்படியும் செய்துகொள்ளலாம். சங்கிலியும் பூட்டும் மலிவாகக் கிடைக்கின்றன என்பதைத் தவிர, அவற்றைத் தேர்ந்தெடுப்பதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

கதவு சரியாக இருந்தாலும், மணி அடித்தபின் மாணவர்கள் எழுந்து வரவேண்டுமே என்ற கவலை அடுத்து வருகிறது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 19 அன்று விடியற்காலையில், நியூ ஜெர்சியில் உள்ள சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் விடுதியில் தீப்பிடித்தது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்த விடுதியில் அதற்கு முன்பு பலமுறை பொய்யாக மணி அடித்திருந்ததால், அன்றும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிப் பலர் படுக்கையை விட்டு உடனே எழவில்லை. அறைகளில் தானியங்கி நீர்த்தெளிப்பான்களும் இல்லை. அதே ஆண்டில், மாணவர் விடுதிகள் அனைத்திலும் நீர்த்தெளிப்பான் அமைக்கவேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் இயற்றியது. நீர்த்தெளிப்பான் பணம் கொடுத்தால் கிடைத்துவிடும். மணியின்மீது மாணவர்களுக்கு இருக்கவேண்டிய நம்பிக்கை அப்படிக் கிடைப்பதில்லை. எங்கள் விடுதியிலும் மாதத்துக்கு இரண்டு முறையாவது காரணமின்றி மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. இப்போது ஒவ்வொரு முறையும், அன்று மாலைக்குள், எந்தக் கருவி, எந்தத் தளத்தில், எதனால் ஒலித்தது, அது சரிசெய்யப்பட்டதா என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப்போடுகிறோம். சின்னக் காரியம்தான், ஆனால் மணி அடித்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு என்பதை மாணவர்கள் மெல்ல மெல்ல நம்பத் தொடங்கியிருக்கிறார்கள்.

கதவுக்கு மட்டுமல்ல, செய்திக்கும் ஒரு சாவி உண்டு. பாதுகாப்புக் குழுவில் நான் சேர்ந்தபின் அதிகம் மன்றாடியது இதற்காகத்தான்.

2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்கள் நிமிடக் கணக்கில் நினைவு வைத்திருக்கிறார்கள். காலை 7.15 மணியளவில் ஒரு விடுதியில் இரண்டு மாணவர்கள் சுடப்பட்டார்கள். வளாகம் முழுவதற்குமான முதல் மின்னஞ்சல் 9.26-க்குத்தான் போனது. ஏறக்குறைய 9.40-க்கு நாரிஸ் ஹால் என்ற கட்டடத்தில், வாசல் கதவுகளை உள்ளிருந்து சங்கிலியால் பிணைத்துவிட்டு, கொலையாளி வகுப்பு வகுப்பாகச் சுடத் தொடங்கினான். அன்று அவன் கொன்றவர்கள் 32 பேர். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வளாகத்துக்கு ஒரு சொல்லும் போகாததற்குக் காரணம் அக்கறையின்மை அல்ல. முதல் சம்பவம் தனிப்பட்ட பகையால் நடந்தது, சுட்டவன் வளாகத்தை விட்டுப் போயிருப்பான் என்று காவல்துறையினர் கருதினார்கள். அறிவிப்பு அனுப்புவதோ உயர் நிர்வாகிகள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய காரியமாக இருந்தது. வளாகக் காவலர்கள் தாங்களே நேரடியாகச் செய்தி அனுப்பும் நிலையில் இல்லை. இதன் பிறகு, 2008-இல் திருத்தப்பட்ட கிளெரி சட்டம், உயிருக்கு உடனடி ஆபத்து என்று உறுதியானதும் தாமதமின்றி வளாகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்றும், அந்த ஏற்பாட்டை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விதித்தது.

எங்கள் குழுக் கூட்டத்தில் நான் கேட்டேன்: "இரவு இரண்டு மணிக்கு வளாகத்தில் ஆபத்து என்றால், எல்லா மாணவர்களுக்கும் குறுஞ்செய்தி அனுப்ப யாரால் முடியும்?" ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காவலாளி மேற்பார்வையாளரை அழைக்கவேண்டும், அவர் பாதுகாப்பு அதிகாரியை, அவர் பதிவாளரை, அவர் துணைவேந்தரின் ஒப்புதலைப் பெற்றுக் கணினித் துறைக்குச் சொல்லவேண்டும், கணினித் துறையில் கடவுச்சொல் தெரிந்தவர் ஒருவர்தான். ஐந்து தொலைபேசி அழைப்புகள், ஐந்தும் தூக்கத்திலிருந்து எழுப்பவேண்டிய அழைப்புகள். தவறான செய்தி போய்விட்டால் பீதி பரவிவிடும் என்று ஒரு மூத்த பேராசிரியர் கவலைப்பட்டார். அது உண்மையான கவலை. ஆனால் தவறான செய்தியை அடுத்த ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். அனுப்பாத செய்தியை எப்படித் திருத்துவது? பல வாரங்கள் பேசியபின், இரவுப் பணியில் இருக்கும் கட்டுப்பாட்டறை மேற்பார்வையாளரே, யாரையும் கேட்காமல், முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட ஆறு செய்திகளில் ஒன்றை அனுப்பலாம் என்று முடிவானது. என்ன ஆபத்து, எங்கே, நீங்கள் இப்போது செய்யவேண்டியது என்ன என்ற மூன்றும் ஒவ்வொரு செய்தியிலும் இருக்கும். இடத்தின் பெயரை மட்டும் அவர் நிரப்பவேண்டும். "நிலைமை கண்காணிக்கப்பட்டு வருகிறது" போன்ற வாக்கியங்கள் எதுவும் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஓடுவதா, அறைக்குள் இருப்பதா என்று தெரியாமல் நிற்கும் மாணவிக்கு அந்த வாக்கியம் எந்த உதவியும் செய்யாது.

முதல் சோதனையன்று தேர்வுக்கூடத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். முந்நூறு மாணவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். செய்தி புறப்பட்ட அதே நொடியில், கூடத்துக்கு வெளியே மேசையில் குவித்து வைத்திருந்த பைகளுக்குள் சில கைப்பேசிகள் மெலிதாக அதிர்ந்து அடங்கின. மற்றவை அணைத்து வைக்கப்பட்டிருந்தன. கூடத்துக்குள் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. ஒலிபெருக்கியும் வேண்டும், கூடத்துக்குள் ஒரு தொலைபேசியும் வேண்டும் என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

நாரிஸ் ஹாலில் ஓர் அறையில் இருந்த மாணவர்கள் பெரிய மேசையைக் கதவோடு சேர்த்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்கள். கதவு வழியாகச் சுடப்பட்டும் அந்த அறையில் யாருக்கும் காயமில்லை. இன்னோர் அறையில், நாஜிகளின் இன அழிப்பிலிருந்து தப்பிப் பிழைத்தவரான பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு, தம் 76-ஆம் வயதில், மாணவர்கள் சன்னல் வழியாகக் குதித்துத் தப்பும்வரை கதவைத் தம் உடம்பால் அடைத்து நின்று உயிரை விட்டார். அதைப் படித்த நாளில் நான் போய் எங்கள் துறையின் வகுப்பறைக் கதவுகளைப் பார்த்தேன். ஒன்றுக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. பாடம் நடக்கும்போது மாணவர்கள் விளையாட்டாகப் பூட்டிக்கொள்கிறார்கள் என்று எப்போதோ கழற்றியிருக்கிறார்கள்.

ஆய்வகங்களில் சாவி என்பது பெரும்பாலும் பழக்கம்தான். 2008 டிசம்பர் 29 அன்று, விடுமுறைக் காலத்தில், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வகத்தில், 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் டெர்ட்-பியூட்டைல் லித்தியம் என்ற சேர்மத்தைப் பிளாஸ்டிக் ஊசிக்குழலால் உறிஞ்சிக்கொண்டிருந்தார். குழலின் தண்டு கழன்று, திரவம் சிதறித் தீப்பற்றியது. அவர் லேப் கோட் அணிந்திருக்கவில்லை. போட்டிருந்த செயற்கை இழைக் கம்பளிச்சட்டை எரிந்தது. அவசர ஷவரின் அடியில் அவரை யாரும் கொண்டுபோய் நிறுத்தவில்லை. பதினெட்டு நாள்களுக்குப் பிறகு அவர் இறந்தார். அந்த ஆய்வகத்தில் லேப் கோட் அணிவதில்லை என்ற குறையை, அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. குறை தெரிந்திருந்தது, எழுத்திலும் இருந்தது, ஆனால் நீங்கவில்லை.

எங்கள் ஆய்வகமொன்றில் அவசர ஷவரின் அடியில் கண்ணாடிக் குடுவைகள் வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பெட்டிகளை அகற்றச் சொல்லி, ஓர் ஆய்வு மாணவியைக் கண்ணை மூடிக்கொண்டு தம் மேசையிலிருந்து ஷவருக்கு நடக்கச் சொன்னேன். இரண்டு நாற்காலிகளில் இடித்துக்கொண்டு, தவறான பக்கம் திரும்பி, முப்பது நொடிக்குப் பிறகு சுவரைத் தொட்டு நின்றார். பத்து நொடிக்குள் போய்ச் சேரும் தொலைவில் ஷவர் இருக்கவேண்டும் என்பது பொது விதி. கண்ணில் அமிலம் பட்டவர் கண்ணை மூடிக்கொண்டுதான் நடப்பார், அதன்பின் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவவேண்டும். இப்போது அங்கே வாரம் ஒருமுறை கைப்பிடியை இழுத்துத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறார்கள். முதல் வாரம் வந்தது துருவேறிய செந்நிற நீர்.

திடீரெனத் தாளம் கெட்டு, இரத்தத்தைச் செலுத்த முடியாமல் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் ஏ.இ.டி. கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் இல்லாவிட்டால், மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். எங்கள் கருவி மாலை ஐந்து மணிக்கு மூடப்படும் அலுவலகத்துக்குள் இருந்தது. மைதானத்தில் விளையாட்டு ஐந்தரைக்குத்தான் தொடங்கும். இப்போது அது மைதானத்தின் சுவரில், பூட்டில்லாத பெட்டியில் இருக்கிறது.

விடுதியின் பின்கதவில் குறுக்குக் கம்பி பொருத்தியபின் மறுபடியும் ஒத்திகை நடத்தினோம். இரண்டு நிமிடத்துக்குள் எல்லோரும் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள் என்று மகிழ்ந்து பெயர்களைச் சரிபார்த்தபோது, ஒருவர் குறைந்தார். மூன்றாம் தளத்தில், சக்கர நாற்காலியில் இருக்கும் முதுகலை மாணவர். லிப்ட் நிறுத்தப்பட்டுவிட்டதால், விதிப்படி படிக்கட்டு மேடையில் காத்திருந்தார். நான் மேலே ஏறிப் போனேன்.

"இங்கேதான் இருக்கணும்னு சொன்னாங்க சார், இருக்கேன். கூட்டிட்டுப் போக யார் வருவாங்க?" என்று கேட்டார்.

திட்ட ஆவணத்தில் அந்த இடத்தில் "மீட்புக் குழு" என்று எழுதியிருக்கிறது. அந்தக் குழுவில் யாருடைய பெயரும் இல்லை. அவரைத் தரைத்தளத்துக்கு மாற்றிவிடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நண்பர்கள் எல்லோரும் மூன்றாம் தளத்தில் இருக்கிறார்கள், மாற விருப்பமில்லை என்று மாணவர் சொல்லிவிட்டார்; அதைச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. படிகளில் சறுக்கி இறக்கும் நாற்காலி ஒன்றை வாங்க ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அதே தளத்தில் தங்கியிருக்கும் நான்கு மாணவர்கள் அதை இயக்கக் கற்றுக்கொள்ள முன்வந்திருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் ஆவணத்தில் ஏறிவிட்டன. அந்த நால்வரும் ஒரே நேரத்தில் விடுமுறைக்குப் போய்விடும் நாள்களில் யார் என்ற கேள்விக்கு, வரும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் பதில் தேட இருக்கிறோம். அந்தக் கூட்டத்துக்கு அந்த மாணவரையும் இரவுக் காவலாளியையும் அழைத்திருக்கிறேன்.