மலையேறிய செலவுப் பொடி

சென்னிமலையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான் அரைத்து விற்பவை கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி, செலவு ரசப் பொடி ஆகிய மூன்றுதான். மூன்றாவதன் பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் விழிப்பார்கள். மளிகைக் கடையில் வாங்கும் மிளகு, சீரகம், கொத்தமல்லி, வரமிளகாய் முதலிய சாமான்களை எங்கள் பக்கம் செலவு என்போம். அவற்றை வறுத்து அரைத்து வைக்கும் ரசம் செலவு ரசம்.

சென்ற மே மாத விடுமுறையில் ஆனைமலை மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டு வால்பாறையில் இரண்டு இரவு தங்குவதென்று முடிவானதும், போகிற வழியில் தொழிலையும் கொஞ்சம் பரப்பிவிட்டு வரலாமே என்று 50 கிராம் பொட்டலங்கள் முப்பதைக் காரில் ஏற்றினேன். டிக்கியைத் திறந்து பார்த்த என் கணவர், "குடும்பத்தோட போறமா, யாவாரத்துக்குப் போறமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அரை மணி நேரப் பேச்சுக்குப் பின் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: ஒரு நாளைக்கு ஒரு கடைக்கு மேல் ஏறக் கூடாது, அதுவும் மற்றவர்கள் காபி குடிக்கும் நேரத்துக்குள் முடிய வேண்டும், கோயிலில் பொடிப் பேச்சே கூடாது.

உடன்பாட்டில் உறவினர் வீடுகளைப் பற்றி எதுவும் இல்லாததால், காங்கேயம், தாராபுரம் தாண்டி உடுமலையில் பெரியம்மா வீட்டில் இறங்கியதும் முதல் தவற்றைச் செய்தேன். காபி வருவதற்குள் இரண்டு பொட்டலங்களை எடுத்து வைத்து, எதில் என்ன சேர்த்திருக்கிறேன், நூறு கிராம் என்ன விலை என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். பெரியம்மா எழுந்து உள்ளே போய் நூறு ரூபாய்த் தாளோடு வந்தார். வாங்கினால் கேவலம், மறுத்தால் விலையை எதற்குச் சொன்னாய் என்ற கேள்வி. உறவினர் வீட்டில் பொடியைக் கொடுத்தால் பெயரை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். விலை வேண்டுமென்றால் அவர்களே போனில் கேட்பார்கள்.

பொள்ளாச்சியில் ஏறிய கடையில் நடந்தது வேறு. கடைக்காரர் பொடியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பொட்டலத்தைத் திருப்பி, "நம்பர் இருக்குங்களா?" என்றார். நல்லவேளையாக இருந்தது. சிறிய அளவில் விற்கும் என்னைப் போன்றோருக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அடிப்படைப் பதிவே போதும். நான் பதிந்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். அந்த 14 இலக்க எண்ணுடன் எடை, தயாரித்த தேதி, அதிகபட்ச விலை, முகவரி, சைவத்துக்கான பச்சைப் புள்ளி ஆகியவற்றை அச்சிட்ட ஒட்டுத்தாளைப் பெரிய பொட்டலங்களில் மட்டுமின்றி மாதிரிப் பொட்டலங்களிலும் ஒட்டியிருந்தேன். இலவசமாகக் கொடுப்பதற்கு எதற்கு ஒட்டுத்தாள் என்று முதலில் சோம்பல்பட்டவள்தான் நானும். அது இல்லாதிருந்தால் அந்தக் கடையில் பேச்சு அந்தக் கேள்வியோடு நின்றிருக்கும். மூன்று பொட்டலங்களை வாங்கி வைத்துக்கொண்டு, "விசாரிச்சுட்டுச் சொல்றனுங்க" என்றார்.

மாசாணியம்மன் கோயிலில் பொருளைப் பறிகொடுத்தவர்கள் நீதிக்கல்லில் மிளகாயை அரைத்துப் பூசி முறையிடுவது வழக்கம். அந்த மிளகாயின் நிறத்தைப் பார்த்து, எங்கே வாங்கினார்கள் என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்கப் போனேன். "அம்மிணி, சாமி கும்புட்டுட்டு வா" என்று மாமியார் கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டார். உடன்பாடு அவருக்கும் தெரிந்திருந்தது.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் மாமியார் மடியில் இருந்த பொட்டலப் பை வழக்கத்துக்கு மாறாகப் பெருத்துக்கொண்டு வந்தது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், கீழே காற்றோடு ஒட்டிய பொட்டலங்கள் பூரிபோல உப்பிவிட்டன. சரியாக ஒட்டாத ஒன்று அவர் மடியிலேயே வாய் திறந்தது. அடுத்த பத்து வளைவுகளுக்குக் காரில் தும்மலைத் தவிர வேறு சத்தமில்லை. இப்போதெல்லாம் சீலிங் மெஷினில் வைப்பதற்கு முன் உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிடுகிறேன். ஓரத்தை இரண்டு முறை ஒட்டுகிறேன்.

வால்பாறையில் தங்கிய வீட்டில் நான் எதையும் விற்க முயலவில்லை. மழைச் சாரலில் நனைந்த சின்னவனுக்கு இருமல் வந்துவிட்டதால், சமையல்கார அக்காவிடம் இரண்டு பொட்டலம் செலவுப் பொடியைக் கொடுத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைத்துத் தரக் கேட்டேன். அவர் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பெரிய பாத்திரத்தில் வைத்துவிட்டார். குளிரில் அந்த மணம் கூடம் முழுவதும் பரவ, கோவையிலிருந்து வந்திருந்த இரண்டு குடும்பங்களும், மளுக்கப்பாறை வழியாகக் கேரளத்திலிருந்து ஏறி வந்திருந்த ஒரு குடும்பமும் டம்ளரில் வாங்கிக் குடித்தன. இது என்ன ரசம் என்று அவர்கள் கேட்டது அந்த அக்காவிடம். அவர்தான் என்னைக் கைகாட்டினார். மூன்று குடும்பங்களுக்கும் இரண்டிரண்டு பொட்டலங்கள் கொடுத்தேன். அன்று நான் பேசியது மொத்தம் ஐந்து நிமிடம் இருக்காது, உடன்பாடும் மீறப்படவில்லை.

ஆழியாறு அணையின் முன்னே பொட்டலத்தைப் பிடித்தபடி எடுத்துக்கொண்ட படத்தை மகள் பார்த்துவிட்டுச் சிரித்ததால் அழித்துவிட்டேன். ரசம் நுரைகட்டும் படத்தை ஊர் திரும்பிய பிறகுதான் ஸ்டேட்டஸில் வைத்தேன், ஏனென்றால் பயணத்தின் நடுவே படம் போடுவது நம் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று நம் போன் எண் வைத்திருக்கும் எல்லோருக்கும் அறிவிப்பதற்குச் சமம். கிளம்புமுன் வாட்ஸ்அப் பிசினஸில், திங்கட்கிழமை முதல் பார்சல் அனுப்பப்படும் என்று தானியங்கிப் பதிலையும் வைத்திருந்தேன். மலையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. அந்தப் பதில் இல்லையென்றால் பழைய வாடிக்கையாளர் இருவரையாவது இழந்திருப்பேன்.

முப்பதில் பதினாறு பொட்டலங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தன. வந்த ஆர்டர்கள் நான்கு: வால்பாறைக் குடும்பங்கள் மூன்று, நான்காவது அந்தச் சமையல்கார அக்கா. பெரியம்மா மட்டும் இன்றுவரை பொடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொள்ளாச்சிக் கடைக்காரரும் விசாரித்து முடித்ததாகத் தெரியவில்லை. அடுத்த மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம் இருக்கிறது, மண்டபம் அந்தக் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். இதை என் கணவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.