இரண்டு பேர், மிச்ச நேரம், ஒரு கேம்

நீங்களும் ஆபீஸ் நண்பரும் மிச்ச நேரத்தில் சேர்ந்து ஒரு கேம் செய்யப்போகிறீர்கள் என்றால், கேம் எஞ்சினை (கேம் கட்டும் மென்பொருள்) டவுன்லோடு செய்வதற்கு முன் இருவரும் அவரவர் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் இருவர் சேர்ந்து எதைச் செய்தாலும், அதை ஆபீஸ் வேலையோடு முடிச்சுப்போடுவது கம்பெனிக்குச் சுலபம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, வேலையின் போக்கில் உருவாகும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். சனிக்கிழமை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதும் கோட் 'வேலையின் போக்கில்' வராது என்று வாதாடலாம். ஆனால் ஐ.டி. கம்பெனி ஆர்டர்களில் "பணிக்காலத்தில் உருவாக்கும் எதுவும்" என்று வளைத்துப்போடும் ஒரு வரியும், வெளி வருமானம் கூடாது என்று இன்னொரு வரியும் இருப்பது சகஜம். அப்படி இருந்தால் எச்.ஆருக்கு மெயில் போட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். டீம் லீட் டீக்கடையில் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா" என்று சொன்னது, அவர் வேறு கம்பெனிக்குப் போகும் நாளோடு காலாவதி ஆகிவிடும்.

ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் வி.பி.என்., ஆபீஸ் லைசென்ஸில் வரும் எடிட்டர், ஆபீஸ் காசில் ஓடும் ஏஐ உதவியாளர் எதுவும் கேம் பக்கம் வரக்கூடாது. பலர் கோட்டை விடுவது ஜிட் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) அமைப்பில். சொந்த லேப்டாப்பிலும் பழைய பழக்கத்தில் ஆபீஸ் மெயில் ஐ.டி.தான் பதிவாகியிருக்கும், ஒவ்வொரு கமிட்டிலும் (பதிந்துவைக்கும் மாற்றத்திலும்) அது ஏறிக்கொண்டே போகும். முதல் கமிட்டுக்கு முன்பே பெயரையும் மெயிலையும் மாற்றிவிடுங்கள். மதியம் 3 மணிக்கு கமிட் போட்டால் அந்த நேரமும் வரலாற்றில் நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது உங்கள் இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம். ஒரு பக்கம் போதும்: லாபத்தில் யாருக்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் அவர் செய்த கோடும் படமும் யாருக்கு, பெயரை யார் வைத்துக்கொள்வது. இதில் ஒரு சட்ட நுணுக்கம் பலருக்குத் தெரியாது. பதிப்புரிமையை மாற்றிக்கொடுக்கும் தாளில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. உலகம் முழுக்க விற்கப்போகும் கேமுக்கு இது ஆபத்து. "உலகம் முழுவதும், பதிப்புரிமை உள்ள காலம் முழுவதும்" என்ற வார்த்தைகள் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். இசை போட்டுத்தரும் நண்பரிடமும் இதே தாள். நண்பரிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா என்று கூச்சப்படுபவர்கள், கேம் கொஞ்சம் விற்ற பிறகு கேட்டுப் பார்க்கட்டும்.

இனி நேரக் கணக்கு. ஆளுக்கு வாரம் 6 மணி என்றால் இருவருக்கும் சேர்த்து 12. வருடத்துக்கு 50 வாரம் என்று வைத்தால் 600 மணி. ஆபீஸ் கணக்கில் இது ஒரே ஒரு ஆள் 15 வாரம் பார்க்கும் வேலை. அதற்குள் கோட், படம், சத்தம், மெனு, டிரெய்லர், ஸ்டோர் பக்கம் எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே ஆன்லைன் மல்டிபிளேயர், திறந்த உலகம், கிளை விரியும் கதை மூன்றையும் முதல் கேமில் தொடவே வேண்டாம். ஒரே திரைக்குள் முடியும் லெவல்கள் கொண்ட ஒரு தாவுகிற கேம், அல்லது சின்ன புதிர் கேம் சரியான அளவு. செலஸ்ட் என்ற புகழ்பெற்ற தாவும் கேம்கூட, இருவர் நான்கு நாளில் பிக்கோ-8இல் (குட்டி கேம் செய்யும் மென்பொருள்) செய்த குட்டி கேமாகத்தான் பிறந்தது. பெரிய கேம் 2018இல்தான் வந்தது. ஒன்றாக வேலை பார்க்க ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள லூடம் டேர் மாதிரி 72 மணி நேர ஜாம் (குறித்த நேரத்துக்குள் கேம் செய்யும் நிகழ்வு) ஒன்றில் சேர்ந்து பாருங்கள். ஆபீஸில் ஒத்துப்போகிறவர் ராத்திரி 2 மணிக்கும் ஒத்துப்போவார் என்று சொல்ல முடியாது.

600 மணியைத் தின்பது பெரும்பாலும் கஷ்டமான கோட் இல்லை, காத்திருப்புதான். ஒருவருக்கு வியாழன் இரவு நேரம் கிடைக்கும், மற்றவருக்கு ஞாயிறு காலை. வியாழன் உட்கார்ந்தவர் "அந்த ஸ்பிரைட் (உருவப் படம்) வந்தால்தான் மேலே நகரும்" என்று லேப்டாப்பை மூடினால் அந்த வாரம் போச்சு. கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் இந்த ஒன்றைத் தவிர்க்கத்தான்.

எஞ்சின் விஷயத்தில் இருவரில் ஒருவருக்கு ஏற்கெனவே ஒன்று நன்றாகத் தெரியும் என்றால் அதுவே போதும், சண்டை வேண்டாம். இருவருக்கும் தெரியாது என்றால் என் ஓட்டு கோடாட் எஞ்சினுக்கு: எம்ஐடி லைசென்ஸ் (யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்), ராயல்டி கிடையாது, சீன் (கேமின் ஒரு துண்டு) ஃபைல்கள் வெறும் டெக்ஸ்ட். இருவர் மெஷினிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும், புள்ளிக்குப் பின் வரும் எண் உட்பட. ஒருவர் ஆசைப்பட்டு 4.3இலிருந்து 4.4க்குத் தாவினால் ப்ராஜெக்ட் முழுக்கப் புதிய யூஐடி (அடையாள எண்) ஃபைல்கள் முளைக்கும். பழைய பதிப்பில் இருப்பவர் அவற்றைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடுவார். மாறுவதானால் ஒரே நாளில் இருவரும் மாறுங்கள், அதைத் தனி கமிட்டாகப் போடுங்கள்.

ரெப்போ (இருவருக்கும் பொதுவான ஜிட் களஞ்சியம்) ஆரம்பிக்கும்போது, கோடாட் தானாக உருவாக்கும் '.கோடாட்' ஃபோல்டரை இக்னோர் பட்டியலில் போடுங்கள், ஜிட் அதைச் சேர்க்காது. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் பிறக்கும் இம்போர்ட் ஃபைலைக் கட்டாயம் கமிட் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் படத்தின் இம்போர்ட் அமைப்புகள் இருவர் மெஷினிலும் வேறு வேறாகிவிடும். ஒருவர் விண்டோஸ், மற்றவர் மேக் என்றால் வரி முடிவை எல்எஃப் (மேக், லினக்ஸ் பாணி) என்று ஜிட் ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் கட்டாயமாக்குங்கள். இல்லாவிட்டால் ஒன்றும் மாற்றாத ஃபைல்கூட மாறியதாகக் காட்டும். 100 எம்பிக்கு மேல் உள்ள ஃபைலை கிட்ஹப் (ஜிட் ரெப்போக்களை வைக்கும் தளம்) ஏற்காது. ஏஸ்பிரைட் (பிக்சல் படம் வரையும் மென்பொருள்) மூல ஃபைல்கள், வேவ் ஃபைல்கள் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே எல்எஃப்எஸ் (ஜிட்டின் பெரிய ஃபைல் வசதி) வழியாகப் போகட்டும். ஃபைலை இடம் மாற்றுவதோ பெயர் மாற்றுவதோ கோடாட்டுக்குள்ளிருந்து மட்டும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப்போட்டால் சீன்கள் அந்த ஃபைலைத் தொலைத்துவிடக்கூடும்.

மெர்ஜ் சண்டை (இருவர் மாற்றங்களையும் ஜிட் இணைக்க முடியாமல் போவது) எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: மெயின் சீனில். ஒருவர் அதில் எதிரியை வைப்பார், மற்றவர் பின்னணியை மாற்றுவார். சீன் ஃபைலின் தலைப்பகுதியில் உள்ள ரிசோர்ஸ் (படம், சத்தம் போன்றவை) பட்டியலும் அவற்றின் அடையாள எண்களும் இரு பக்கமும் மாறி, ஜிட் திணறும். அந்த எண்களைக் கையால் ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள். ஒருவருடைய வடிவத்தை முழுதாக எடுத்துக்கொண்டு, மற்றவரின் மாற்றத்தை எடிட்டரில் மறுபடி செய்வது பத்து நிமிட வேலை. ஒட்டுப்போட்டது திறக்காமல் போனால் ராத்திரி முழுக்கப் போகும். அதைவிட நல்லது, சண்டையே வராதபடி பிரித்துவைப்பது. வீரன், ஒவ்வொரு எதிரி, கதவு, நாணயம், மெனு எல்லாம் தனித்தனி சீன். லெவல் சீனில் அவற்றின் இன்ஸ்டன்ஸ் (நகல்) மட்டும். ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு சொந்தக்காரர். அடுத்தவர் லெவலில் கைவைக்க வேண்டுமானால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி. தூங்கப்போகும் முன் அரைகுறையாக இருந்தாலும் தனி பிராஞ்ச்சில் (கிளையில்) புஷ் செய்து கிட்ஹப்புக்கு ஏற்றிவிடுங்கள்.

படம் வரைபவருக்காகக் கோட் எழுதுபவர் காத்திருக்காமல் இருக்க, முதல் நாளிலேயே அளவுகளை முடிவு செய்யுங்கள். உதாரணத்துக்கு டைல் (லெவலைக் கட்டும் சதுரத் துண்டு) 16க்கு 16 பிக்சல், வீரன் 16க்கு 24, ஊன்றுபுள்ளி பாதத்தின் நடுவில். அதே அளவில் சாம்பல் பெட்டியை வைத்துக் கேமை ஓடவிடுங்கள்; படம் தயாரானதும் அதே பெயரில் அதே இடத்தில் விழும். திரை அளவு 320க்கு 180 என்றால் 4 மடங்கில் 720பி, 6 மடங்கில் 1080பி, 12 மடங்கில் 4கே. பழைய லேப்டாப்களில் உள்ள 1366க்கு 768 எந்த முழு மடங்கிலும் அடங்காது. அங்கே ஸ்கேலை முழு எண்ணாக வைத்தால் 1280க்கு 720 படமும், பக்கவாட்டில் 43 பிக்சல், மேலும் கீழும் 24 பிக்சல் கறுப்புப் பட்டையும் வரும். பட்டை பரவாயில்லை, பின்ன மடங்கில் இழுத்தால் சில பிக்சல் தடித்தும் சில மெலிந்தும், நடக்கும்போது கண்ணை உறுத்தும்.

தாவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகைக் கேமின் உயிரே அதில்தான். வேகத்தையும் ஈர்ப்பையும் குத்துமதிப்பாக மாற்றி மாற்றிப் பார்ப்பது வெட்டி வேலை. எவ்வளவு உயரம், உச்சிக்குப் போக எத்தனை விநாடி என்று இரண்டை மட்டும் முடிவு செய்யுங்கள். ஈர்ப்பு என்பது உயரத்தின் இரு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தது. தொடக்க வேகம் உயரத்தின் இரு மடங்கை நேரத்தால் வகுத்தது. மூன்றரை டைல், அதாவது 56 பிக்சல், 0.35 விநாடியில் வேண்டும் என்றால் ஈர்ப்பு சுமார் 914, வேகம் 320. ஆனால் கேமில் அளந்தால் 56 வராது. விநாடிக்கு 60 டிக்கில் (எஞ்சின் கணக்கிடும் ஒவ்வொரு துடிப்பில்) கணக்கு படிப்படியாக ஓடுவதால், தாவும் டிக்கிலேயே ஈர்ப்பைக் கழித்துவிட்டு நகர்த்தினால் சுமார் 53 வரும். தரையில் நிற்கும்போது ஈர்ப்பைச் சேர்க்காத கோடாட்டின் மாதிரி ஸ்கிரிப்ட்டை அப்படியே எடுத்தால் 59க்குப் பக்கத்தில் போகும். யாரோ ஒருவர் கோட்டில் இரண்டு வரியை முன்பின் மாற்றியதும் ஒரு லெவல் திடீரென்று முடியாமல் போவதன் மர்மம் இதுதான். ஆகவே தாண்ட வேண்டிய சுவர் 3 டைல், தாண்டக்கூடாத சுவர் 4 டைல். 48க்கும் 64க்கும் நடுவில் எந்தக் கணக்கிலும் தாவல் அடங்கிவிடும்.

விளிம்பைத் தாண்டிய பிறகும் 0.1 விநாடி வரை தாவ அனுமதியுங்கள். தரையைத் தொடுவதற்கு 0.1 விநாடி முன் பட்டனை அழுத்தினாலும் நினைவில் வைத்திருங்கள். விளையாடுபவருக்கு இவை தெரியாது, ஆனால் இல்லாவிட்டால் "பட்டன் வேலை செய்யலை" என்பார். இந்த எண்களைக் கோட்டுக்குள் புதைக்காமல் தனி ரிசோர்ஸ் ஃபைலில் வைத்தால், லெவல் கட்டுபவர் கோட் தெரிந்தவரைத் தொந்தரவு செய்யாமல் தானே மாற்றிப் பார்க்கலாம்.

கேமில் தமிழ் வேண்டுமானால் முதல் வாரத்திலேயே 'கொக்கு', 'பௌர்ணமி', 'ஸ்ரீ' மூன்றையும் திரையில் போட்டுப் பாருங்கள். எழுத்தைக் கோத்துத் தரும் வசதி இல்லாத இடத்தில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கோடாட் 4இன் அட்வான்ஸ்டு டெக்ஸ்ட் சர்வரில் எழுத்தைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் இருப்பதால் இது சரியாகவே வரும். மாட்டிக்கொள்வது எழுத்து எழுத்தாகத் தட்டச்சாகும் வசனப் பெட்டியில்: 'கொ' வருவதற்கு முன் ஒரு கணம் 'க' மின்னி மறையும். தெரியும் எழுத்துகளின் எண்ணிக்கையைக் கோப்பதற்குப் பின் கணக்கிடும்படி லேபிளில் மாற்றினால் சரியாகும். இன்னொன்று, 8 பிக்சல் உயரத்தில் ஆங்கிலம் படிக்கலாம், தமிழ் படிக்க முடியாது. கேம் உலகத்தை 320க்கு 180 சப்-வியூபோர்ட்டில் (திரைக்குள் ஒரு சின்னத் திரை) ஓடவிட்டு, எழுத்துகளை அதற்கு வெளியே முழு ரெசல்யூஷனில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் போடுவதுதான் வழி.

சத்தத்துக்குச் சுருக்கமாக: குட்டிச் சத்தம் வேவ், இசை ஓஜிஜி. ஃப்ரீசவுண்ட் தளத்தில் எடுத்தால் ஒவ்வொன்றின் லைசென்ஸையும் அப்போதே ஒரு ஷீட்டில் குறித்துவையுங்கள். வணிகப் பயன்பாடு கூடாது என்று போட்டிருப்பதை விற்கும் கேமில் சேர்க்க முடியாது.

வாரம் ஒரு முறை கேமை எக்ஸ்போர்ட் செய்து, எஞ்சினே இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள். விண்டோஸில் 'பிளேயர்' என்ற ஃபைல் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கினாலும் சின்ன எழுத்தில் தொடங்கினாலும் எடிட்டரில் அது திறந்துவிடும். எக்ஸ்போர்ட்டான பில்டில் இரண்டும் வேறு வேறு, படம் காணாமல் போகும். எல்லாப் பெயரும் சின்ன எழுத்தில், இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு என்று வைத்தால் இந்தத் தலைவலி இல்லை. புதிதாக விளையாடுபவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது வாயைத் திறக்காதீர்கள். நீங்கள் சொல்லித்தர நினைக்கும் இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

வெளியிட இட்ச் (கேம் விற்கும் தளம்) முதலில் நல்லது: கட்டணம் இல்லை, பங்கும் நீங்கள் வைப்பதுதான். ஸ்டீமில் (கம்ப்யூட்டர் கேம் கடை) கேம் ஒன்றுக்கு 100 டாலர் கட்டணம். 1,000 டாலர் வருவாய் தாண்டினால் திரும்பக் கிடைக்கும். பணம் கட்டியதிலிருந்து 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும், 'விரைவில்' பக்கம் குறைந்தது இரண்டு வாரம் நிற்க வேண்டும், பக்கத்துக்கும் பில்டுக்கும் தனித்தனி பரிசீலனை. இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடியவர் 14 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒன்றரை மணியில் முடியும் கேமுக்கு விலை வைக்கும்போது இதை மறக்க வேண்டாம். நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில் (ஸ்டீமின் டெமோ திருவிழா) ஒரு கேம் ஒருமுறைதான் கலந்துகொள்ள முடியும், டெமோ கனியாமல் போய்விடாதீர்கள்.

ஸ்டீம் பணத்தை ஒரே வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்பும். கணக்கின் பெயரும் பதிவு செய்த பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க ஒப்பந்தச் சலுகையைக் கோரினால் அமெரிக்க விற்பனையில் 15 சதவீதம் பிடிப்பார்கள், இல்லாவிட்டால் 30. மற்றவருக்குப் பிரித்துக்கொடுப்பதை எப்படிக் கணக்கில் காட்டுவது என்று முதல் பணம் வருவதற்கு முன்பே ஓர் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

கணக்கு ஒருவர் பெயரில் இருந்தாலும் ஸ்டீம்வொர்க்ஸில் (கேம் வெளியிடுபவர்களுக்கான ஸ்டீம் தளம்) மற்றவரையும் நிர்வாகியாகச் சேர்த்து, இருவர் மொபைல் எண்ணையும் பதிவு செய்யுங்கள். வெளியான கேமின் பில்டை மாற்ற மொபைலில் வரும் சரிபார்ப்பு எண் தேவை. சேவ் ஃபைல் அழிகிறது என்று ராத்திரி 12 மணிக்குத் தெரிந்து, அரை மணியில் சரிசெய்துவிட்டு, அந்த ஒரு எண்ணுக்காக அடுத்தவர் தூங்கி எழும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.