பத்தாயம் வாசல் தாண்டாது

அம்மாவுக்கு முட்டுவலி. சேரன்மகாதேவி வீட்டில் கக்கூஸ் பின்வாசலில், கிணற்றைத் தாண்டி இருக்கிறது. ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டாம், பட்டாசலை, அதாவது கூடத்தை, ஒட்டின அரங்குவீடு என்கிற உள்ளறையையே பாத்ரூம் ஆக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். கொத்தனார் வந்து சுற்றிப் பார்த்தார். "எல்லாம் சரி, இந்தப் பத்தாயம்?" என்றார்.

பத்தாயம் என்பது நெல் கொட்டி வைக்கிற மரப்பெட்டி. எங்களுடையது ஆறடி நீளம், நாலடி அகலம், என் கழுத்து உயரம். மேலே மூடி வழியாகக் கொட்ட வேண்டும். கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை, அதைத் தூக்கினால் நெல் சரசரவென்று விழும். கார், பிசானம் என்று வருஷத்து இரண்டு நெல் அறுப்பும் அதற்குள்தான் போயின. வயலை விற்று 18 வருஷம் ஆகிறது. இப்போது அரிசி கடையிலிருந்து பையில் வருகிறது.

அப்படியானால் உள்ளே என்னதான் இருக்கிறது? இறங்கிப் பார்த்தேன். குக்கர் கேஸ்கட் 11. கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரம் நாலு, அதில் மூன்று பிரிக்காதது. ஆறாம் வகுப்பில் தொலைத்துவிட்டேன் என்று நான் அடி வாங்கின ஜாமெட்ரி பாக்ஸ். எல்லாவற்றுக்கும் அடியில் கொஞ்சம் பதர், தொட்டால் தூளாகிற நொச்சி இலை. எது உடைந்தாலும் அம்மா "சவத்தத் தூரப் போடு" என்பாள். அந்தத் 'தூரம்' பத்தாயம்தான் என்பது அன்றுதான் தெரிந்தது.

விற்றுவிடலாம் என்றதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏல, ஒனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? ஒங்க தாத்தா செங்கோட்டையில போயி தேக்கு வாங்கி, ஆசாரிய ஒரு மாசம் வீட்டோட வச்சு சோறு போட்டுச் செஞ்சதுல்லா!"

இந்தக் கதை எனக்கு மனப்பாடம். நான் பள்ளிக்கூடம் போகையில் அந்தக் கதையில் ஆசாரி தங்கினது பத்து நாள்தான்.

குடும்ப வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் ஒப்பாரி. "எங்க அப்பாவையே விக்க மாரி இருக்கு" என்றாள் அத்தை. மும்பைச் சித்தப்பா, அதற்குப் பின்னால் ஒளிந்து கணக்கு வாத்தியாரிடம் தப்பிய கதையைக் குரல் பதிவாகவே அனுப்பினார். சரி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், லாரி வாடகை என்னுடையது என்று எழுதினேன். எல்லாருக்கும் நீல டிக் விழுந்தது. மறுநாள் சித்தப்பா ரோஜாப்பூ போட்டு 'இனிய காலை வணக்கம்' அனுப்பினார்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறையில் அக்கா வீட்டுக்குள் தாமிரபரணி நுழைந்து, சோபா ஊறிக் குப்பை வண்டியில் போனது. அதற்கு அத்தானைத் தவிர யாரும் கண் கலங்கவில்லை. அவர் கலங்கினதற்கும் காரணம் இ.எம்.ஐ. பாக்கி.

மர வியாபாரி ஒருவர் வந்து நகத்தால் கீறி மோந்து பார்த்தார். "அண்ணாச்சி, மூடியும் முன்பலகையுந்தான் தேக்கு. மத்ததெல்லாம் அயினி." அடுக்களையில் பாத்திரம் 'ணங்' என்று விழுந்தது. வாங்குவதானாலும் பெட்டி வாசல் வழியாக வராது, உள்ளேயே வைத்துப் பலகை பலகையாகக் கோத்துப் பூட்டினது, பிரித்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வயசான ஆசாரி ஒருவரைக் கூட்டி வந்தேன். ஆணியே கிடையாது, பலகைக்குப் பலகை காடி எடுத்து இறக்கியிருக்கிறது. வரிசை மாறாமல் இருக்க ஒவ்வொரு பலகை ஓரத்திலும் உளி வெட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. அதன் பக்கத்திலேயே தாரில் எழுதின இன்னொரு வரிசை. உளியில் நாலு, தாரில் ஒன்பது. ஆசாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, இது ரெண்டாந்தடவ பூட்டுனது. வேற வீட்டுல பிரிச்சதக் கொண்டாந்திருக்காக."

உட்பலகையில் 'கு.மு.' என்று செதுக்கியிருந்தது. எங்கள் தாத்தா பெயர் 'ச'வில் தொடங்கும்.

அம்மா வந்து அந்த எழுத்தை விரலால் தடவினாள். எனக்குப் பயமாகிவிட்டது. "ஒரு மாசம் சோறு போட்டதா..." என்று மெல்ல இழுத்தேன்.

"நானா பாத்தேன்? ஒங்க ஆச்சி சொன்னது. அவ சொன்னதுல எதுதான் நெசம்?" 40 வருஷ மாமியார் வழக்குக்கு அன்று தீர்ப்பு கிடைத்த தெளிவு முகத்தில். அப்புறம் கொத்தனார் பக்கம் திரும்பினாள். "வெந்நிக்கு ஹீட்டரு உண்டுமாய்யா?"

பாத்ரூம் முடிந்து நாலு மாசம் ஆகிறது. பலகைகள் 26-ம் இப்போது என் பாளையங்கோட்டை வீட்டு ஹாலில், சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. புத்தக அலமாரி செய்யப்போகிறேன். மனைவி அதன்மேல் ஒரு பத்தமடைப் பாயைத் தொங்கவிட்டு மறைத்திருக்கிறாள்.

நேற்று அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். "ஊரான் வீட்டுப் பலகைய ஏம்ல கட்டிக்கிட்டு அழுத? சவத்தத் தூரப் போடு. அந்தக் கேஸ்கட்டு பதினொண்ணையும் மட்டும் பத்திரமா குடுத்துவிடு."