ஒன்றுமில்லாத இடத்தைப் பத்து நாள் பார்த்தார்கள்

ஹபிள் தொலைநோக்கி கண்டுபிடித்ததில் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், யோசிக்காமல் 1995 டிசம்பரைச் சொல்வேன்.

அப்போது பால்டிமோரில் இருக்கும் விண்வெளித் தொலைநோக்கி நிறுவனத்தின் இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ். இயக்குநர் தன் விருப்பப்படி ஒதுக்கலாம் என்று கொஞ்சம் நேரம் உண்டு, அதை எடுத்து சப்தரிஷி மண்டலத்துப் பக்கம், பார்த்தால் ஒன்றுமே இல்லாத ஒரு துண்டு வானத்தை நோக்கித் தொடர்ந்து பத்து நாள் ஹபிளைத் திருப்பி வைத்தார். கையை நீட்டி ஒரு ரவைத் துகளைப் பிடித்தால் எவ்வளவு வானம் மறையுமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் அந்த இடம். வேண்டாம், வீண் வேலை என்று தடுத்த பெரிய வானியலாளர்களும் இருந்தார்கள். ஹபிளின் கண்ணாடிக் கோளாறைச் சரிசெய்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, அதனால் இதுவும் வீணானால் ஹபிளுக்கு மறுபடி கெட்ட பெயர் வருமே என்ற பயமும் நியாயம்தான்.

சரி, என்ன கிடைத்தது? 342 படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்தபோது ஏறக்குறைய 3,000 விண்மீன் மண்டலங்கள் (கேலக்ஸிகள்)! அந்த ஒளியில் சில, பூமி உருவாவதற்குப் பல நூறு கோடி ஆண்டுகள் முன்பே கிளம்பியது. தூரத்தில் இருந்தவை சிறியவையாக, கோணல்மாணலாக இருந்தன, நம் பால்வீதி மாதிரி அழகான சுருள் வடிவமெல்லாம் பிற்பாடு மெல்ல மெல்லத் திரண்டது என்பதற்கு அது நேரடிச் சாட்சி.

அப்புறம் இன்னொன்று. அந்தத் தரவை வில்லியம்ஸ் குழு பூட்டி வைத்துக்கொள்ளவில்லை, சில வாரங்களிலேயே எல்லோருக்கும் திறந்துவிட்டது. எனக்கு அந்தப் படத்துக்குச் சமமாக இதுவும் பிடிக்கும்.