சாரதியிடம் எதைக் கேட்பது?

கொழும்பில் வாகன சாரதிகளின் நடத்தையை அளக்கும் கள ஆய்வில் வேலை செய்கிறேன். வினாக்கொத்தோடு முச்சக்கரவண்டித் தரிப்பிடங்களுக்கும் புறக்கோட்டை பஸ் நிலையத்துக்கும் போவோம். "நீங்கள் கவனமாக ஓட்டுபவரா?" என்று கேட்டால் பதில் அநேகமாக ஒன்றுதான்: "நான் சரியாத்தான் ஓடுறன் தம்பி, மற்ற ஆக்கள்தான் பிரச்சினை." எங்கும் அப்படித்தான். 1981இல் ஓலா ஸ்வென்சன் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்களில் 93 வீதமானோர் தங்கள் ஓட்டும் திறன் பாதிப்பேரை விட மேல் என்றே சொன்னார்கள்.

அதனால் திறமையை விட்டுவிட்டுச் செய்கையைக் கேட்கவேண்டும். 1990இல் மஞ்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரீசனும் சகாக்களும் வெளியிட்ட வினாக்கொத்து, ஒவ்வொரு செய்கையையும் எவ்வளவு அடிக்கடி செய்கிறீர்கள் என்றுதான் கேட்கிறது. தவறையும் மீறலையும் அது பிரித்துப் பார்ப்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கண்ணாடியைப் பார்க்காமல் பக்கம் மாறுவது தவறு. சிவப்பு விளக்கு என்று தெரிந்தே போவது மீறல். அவர்களுடைய ஆய்வில் வயது கூடும்போது மீறல் குறைந்தது, தவறு குறையவில்லை. விபத்தோடு அதிகம் சேர்ந்து வருவது மீறல்தான் என்று பிந்திய ஆய்வுகள் காட்டின. தவறைப் பயிற்சியால் திருத்தலாம். மீறுகிறவருக்கு ஓட்டத் தெரியாமல் இல்லையே!

சரி, பிறகு ஏன் மீறுகிறார்? காலி வீதியில் தனியார் பஸ் ஓட்டும் ஒருவர் சொன்னார்: "மஞ்சள் கடவையில நிப்பாட்டினா பின்னால வாறவன் முந்திருவான். அடுத்த ஹோல்ட்ல நிக்கிற சனத்த அவன்தான் ஏத்துவான்." அன்றைய வசூலைப் பொறுத்துத்தான் அவருடைய வருமானம். பாதசாரிக்கு வழி விடவேண்டும் என்று அவருக்கும் தெரியும், நல்லது என்றும் நினைக்கிறார். மனப்பாங்குக் கேள்விகளில் அவர் நல்ல புள்ளி எடுப்பார். கடவையில் மட்டும் நிற்கமாட்டார்.

வருமானக் கேள்வி மனப்பாங்கு ஆய்வில் சேராது என்று எங்கள் குழுவிலேயே சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சம்பளமா, வசூலில் பங்கா என்று கேட்காமல் மீறலை எண்ணினால் சாரதியின் குணத்தையே குற்றம் சொல்லி முடிப்போம். அந்தக் கேள்வி இப்போது வினாக்கொத்தில் இருக்கிறது. வெள்ளவத்தைக் கடவையோரம் நின்று எந்த பஸ் நிற்கிறது என்றும் குறிக்கிறோம். அடுத்ததாக, அதே வீதியில் மாதச் சம்பளத்துக்கு ஓட்டும் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) சாரதிகளிடமும் இதையே கேட்கப் போகிறோம்.