சாட்ஸ்வர்த்தில் பார்த்த எண்ணூறு மீட்டர்

ஆகஸ்ட் மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கும் பாரிசுக்கும் மணி ஒன்றுதான். கோடைக்காக ஐரோப்பாக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் இந்த வசதி. மதுரையில் இருந்திருந்தால் ராத்திரி பதினொரு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்திருக்க வேண்டிய பந்தயத்தை, விளக்கு வைத்த கொஞ்ச நேரத்திலேயே கையில் டீயோடு பார்த்தேன். 2024 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் 800 மீட்டர் இறுதி.

முந்தின நாள் தென்னாப்பிரிக்காவின் மகளிர் தின விடுமுறை. வாரக் கடைசியும் சேர்ந்துகொள்ள, ஊரே சாவகாசமாக இருந்தது. போதாததற்கு ஆடி மாதம். டர்பன் தமிழர்கள் ஆடியை விட்டுக்கொடுப்பதே இல்லை. மாரியம்மன் கோவில்களில் கூழ் ஊற்றுகிறார்கள். அதற்கு அங்கே ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்று பெயர். கேழ்வரகு இருக்கும் இடத்தில் மக்காச்சோள மாவு. மற்றபடி வேப்பிலை, மஞ்சள் துணி, உடுக்கைச் சத்தம் எல்லாம் நம் ஊர்தான். மறுநாள் கோவிலில் கூழ் என்பதால் நான் தங்கியிருந்த வீட்டில் அத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்களும் சமையற்கட்டில் மூட்டை மூட்டையாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

வீடு என் நண்பனின் மாமனாருடையது. நண்பன் திருச்சிக்காரன், டர்பன் பெண்ணைக் கட்டியவன். அவன் மாமனாரை நானும் மாமா என்றே கூப்பிட்டேன், அவர் மனைவியை அத்தை என்று. வயது எழுபதை நெருங்குகிறது, ஒல்லியான ஆள், நடையில் இன்னும் ஒரு துள்ளல். பாட்டியிடமும் கோவில் வகுப்பிலும் கற்ற தமிழ். பாதி வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குத் தாவி, பிறகு நினைவு வந்து திரும்பி வருவார்.

டர்பனில் இந்த வீடு இருக்கும் சாட்ஸ்வர்த் மேடும் பள்ளமுமான பகுதி. 1960-களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் இந்தியர்களைக் கொண்டுவந்து குவிப்பதற்காக அரசு கட்டியது. பேட்டைகளுக்குப் பெயர்கூட வைக்காமல் ‘யூனிட்’ என்று எண் கொடுத்துவிட்டார்கள். ஒட்டிக்கட்டிய வீடுகள் சரிவில் படிப்படியாக இறங்குகின்றன. மாமாவின் குடும்பம் அதற்கு முன் நகராட்சித் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸில் இருந்தது. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்களும் தெலுங்கர்களும்தான். 1860-இல் ‘ட்ரூரோ’ கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து வந்து சேர்ந்ததில் தொடங்கும் கதை அது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் ஓட்டப் பந்தயம் நின்றுவிடும்.

அன்று காலையில் மாமா என்னை கரீஸ் பவுண்டனுக்கு அழைத்துப்போனார். தாவரவியல் பூங்காவை ஒட்டிய மைதானம். வெள்ளையர் அல்லாதவர்கள் விளையாட அந்தக் காலத்தில் நகரத்தில் இருந்த முக்கியமான இடம் இதுதான். கால்பந்தும் இங்கேதான், அரசியல் கூட்டங்களும் இங்கேதான். இப்போது புதுப்பித்திருக்கிறார்கள், சுற்றிலும் வேலி, பக்கத்தில் பல்கலைக்கழகக் கட்டிடங்கள். மாமா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இங்கதான் தம்பி ஓடினேன். அரை மைல். புல்லுத் தரை, சுண்ணாம்புக் கோடு. ஷூ கிடையாது.”

“எவ்வளவு நேரத்தில் ஓடுவீங்க மாமா?”

“யாருக்குத் தெரியும்? கடிகாரம் வச்சிருந்த வாத்தியாருக்கு அவர் பையன் ஜெயிக்கணும்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆனால் அடுத்து சொன்னது எனக்கு முற்றிலும் புதிது. மாண்ட்ரியால், 1976. அந்த ஒலிம்பிக்கின் 800 மீட்டர் இறுதியை இந்தியர்கள் ஸ்ரீராம் சிங்குக்காக நினைவில் வைத்திருக்கிறோம். முதல் சுற்றில் அவர்தான் முன்னால். கடைசிச் சுற்றுக்கான மணி அடிக்கும்போது 50.85 நொடி. அதன் பிறகு கியூபாவின் ஆல்பெர்ட்டோ ஹுவான்டொரேனா பாய்ந்துபோய் 1:43.50-இல் உலக சாதனையோடு ஜெயித்தார். ஸ்ரீராம் 1:45.77-இல் ஏழாவது. அந்த நேரம் 2018-இல் ஜின்சன் ஜான்சன் முறியடிக்கும் வரை இந்திய சாதனையாகவே இருந்தது. பள்ளி விளையாட்டு ஆசிரியர்கள் வாயிலாக எனக்கு இவ்வளவுதான் தெரியும்.

மாமாவுக்கு அதே பந்தயம் வேறொருவரால் நினைவில் நிற்கிறது: ஓடாத மைக் பாய்ட். கென்யாக்காரர், 1972 மியூனிக்கில் இதே 800 மீட்டரில் வெண்கலம் வாங்கியவர். 1976-இல் நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்காவுக்கு விளையாட வந்தது. நிறவெறி நாட்டோடு விளையாடிய நியூசிலாந்தை ஒலிம்பிக்கில் விடக்கூடாது என்று ஆப்பிரிக்க நாடுகள் கேட்டன. அது நடக்காததால் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் மாண்ட்ரியாலை விட்டு வெளியேறின. பாய்ட்டும் போய்விட்டார். “எங்களுக்காகத்தான் அவர் ஓடலை. எங்களுக்கோ அப்ப ஓட ஒரு நாடே இல்லை” என்றார் மாமா. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி வந்ததே அந்த வருட ஜனவரியில்தான், அவர் வீட்டுக்கு வர இன்னும் பல வருடங்கள் ஆனதாம். பாய்ட் இருந்திருந்தால் ஹுவான்டொரேனா தங்கம் வாங்கியிருப்பாரா என்று ஐம்பது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். என் கணிப்பில் வாங்கியிருப்பார், 400-ம் ஜெயித்த கால்கள் அவை. இதை அவரிடம் சொல்லவில்லை.

சரி, பாரிசுக்கு வருவோம்.

பெரிய டிவி, சோபாவில் ஆறு பேர், தரையில் பேரப்பிள்ளைகள், ஒரு தட்டில் சில்லி பைட்ஸ் என்ற பெயரில் நம் பக்கோடா. முந்தின இரவு 4x100 தொடர் ஓட்டத்தில் தென்னாப்பிரிக்கா 37.57 நொடியில் வெள்ளி வாங்கியிருந்த மிதப்பு வீட்டில் இன்னும் இறங்கவில்லை. பையன்களுக்கு அகானி சிம்பினேதான் பேச்சு. 800 மீட்டர் இறுதியில் தென்னாப்பிரிக்கர் யாரும் இல்லை. பக்கத்து நாடான போட்ஸ்வானாவின் ட்ஷெபிசோ மசலேலா இருந்தார், அதனால் ஒப்புக்கு அவருக்குக் கைதட்டினார்கள்.

மாமா தரையில் உட்கார்ந்து டிவிக்கு மூன்றடி தூரத்தில் நகர்ந்துகொண்டார். “முன்னால ஓடுறவனைப் பாக்காதீங்க தம்பி. மூணாவது இருநூறைப் பாருங்க.”

அதென்ன கணக்கு என்று கேட்டேன். எட்டு பேரும் முதல் வளைவு வரை அவரவர் பாதையில் ஓட வேண்டும். அதன் பிறகுதான் உள்பக்கம் இறங்கலாம். அந்த இடத்தில் நடக்கும் தள்ளுமுள்ளுதான் எல்லார் கண்ணுக்கும் படும். கடைசி நேர்கோடு அதைவிட நன்றாகத் தெரியும். நடுவில், மணி அடித்த பிறகு வரும் இருநூறு மீட்டரில் யாரும் ஒன்றும் செய்யாத மாதிரி இருக்கும். ஆனால் காலில் அமிலம் ஏற ஆரம்பிப்பது அங்கேதான். வேகத்தைக் கூட்டத் தேவையில்லை, குறையாமல் வைத்துக்கொண்டாலே பத்து மீட்டர் முன்னேறிவிடலாம். யார் அங்கே தோளை இறுக்குகிறானோ அவன் போச்சு. இதுதான் மாமாவின் சித்தாந்தம்.

துப்பாக்கி வெடித்தது. ஊதா நிறத் தடத்தில் இம்மானுவேல் வன்யோன்யி ஆரம்பத்திலேயே முன்னால் போய்விட்டார். கென்யாக்காரர். இருபது வயது முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சின்ன வயதில் பள்ளியை நிறுத்திவிட்டு மாடு மேய்த்தவர். முதல் சுற்று ஐம்பது நொடியைக் கொஞ்சம் தாண்டி. பிரெஞ்சு ரசிகர்கள் தங்கள் கேப்ரியல் டுவலுக்காகக் கத்தியதில் வர்ணனையாளர் சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. வெங்காயக் கையோடு அத்தை கதவருகே வந்து நின்றார்.

மாமா விரலால் திரையின் ஓரத்தைத் தட்டினார். அங்கே கனடாவின் மார்கோ அரோப். சூடானில் பிறந்து சிறுவயதில் குடும்பத்தோடு கனடா போனவர், முந்தின வருடம் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் இதே வன்யோன்யியைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர். நெடுநெடுவென்ற ஆள். முதல் சுற்றில் பின்னால் கிடந்தார். மாமா சொன்ன அந்த மூன்றாவது இருநூறில் அவர் வெளிப்பக்கமாக ஒவ்வொருவராகக் கடந்து வருவது, சொல்லிக் கொடுத்த பிறகு எனக்கும் தெரிந்தது. அல்ஜீரியாவின் ஜமல் செஜாத்தியும் நகர்ந்தார். அந்த சீசனில் 1:41.46 ஓடியிருந்தவர், பலரும் அவரைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள்.

கடைசி நேர்கோட்டில் வன்யோன்யியின் தலை ஆட ஆரம்பித்தது. அரோப் நீளக் கால்களைப் போட்டு வந்துகொண்டே இருந்தார். கோட்டைத் தொட்டபோது யார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பேரன் “கனடா!” என்றான். மாமா தலையை ஆட்டினார். பலகையில் எண் வந்தது: வன்யோன்யி 1:41.19, அரோப் 1:41.20.

நூறில் ஒரு பங்கு. இரண்டு சுற்று ஓடி, ஒரு விரல் நுனி நேரம். மூன்றாவது செஜாத்தி 1:41.50, நான்காவது அமெரிக்காவின் பிரைஸ் ஹாப்பல் 1:41.67. ஒரே பந்தயத்தில் நான்கு பேர் 1:42-க்குள் வந்தது அதுவரை நடந்ததே இல்லை. ஹாப்பல் தன் நாட்டின் சாதனையை முறியடித்தும் கையில் ஒன்றும் இல்லாமல் போனார். கென்யாவுக்கு இது 2008-இலிருந்து தொடர்ந்து ஐந்தாவது 800 தங்கம்.

டிவியின் ஒலியைக் குறைத்துவிட்டு மாமா தன் நாட்டுக்காரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அட்லாண்டா 1996: ஹெசெகீல் செபெங் கடைசி நேரத்தில் வந்து 1:42.74-இல் வெள்ளி. கறுப்பினத் தென்னாப்பிரிக்கர் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. எல்லாரும் ஓட்டுப்போட்ட முதல் தேர்தல் முடிந்து இரண்டே வருடம். மாமா அன்று தெருவில் இறங்கி ஓடினாராம். “இவருக்குப் பைத்தியம்னு அக்கம்பக்கத்துல சொன்னாங்க” என்று அத்தை சமையற்கட்டிலிருந்தே குரல் கொடுத்தார். பிறகு பெர்லின் 2009. அந்த உலகப் போட்டியில் 800 மீட்டரில் இரண்டு தங்கமும் தென்னாப்பிரிக்காவுக்கே: பெண்களில் காஸ்டர் செமன்யா, சில நாள் கழித்து ஆண்களில் ம்புலாயெனி முலாவுட்ஸி. இருவரும் லிம்போபோ மாநிலத்துக் கிராமத்தவர்கள். முலாவுட்ஸியின் இறுதி நிதானமான பந்தயம், 1:45.29. சாதனைப் புத்தகத்தில் அந்த நேரத்துக்கு மதிப்பில்லை. ஆனால் மெதுவாக ஓடும் இறுதியில்தான் யாருக்கு என்ன மூளை இருக்கிறது என்று தெரியும். அன்று ராத்திரி படுக்கப்போனதும் பழைய காணொளியை எடுத்துப் பார்த்தேன். பாரிசைவிட எனக்கு அதுதான் பிடித்தது. இரண்டாவது, மூன்றாவது ஆட்கள் இருவருக்கும் ஒரே நேரம், 1:45.35.

ஆனால் அந்த வாரம் யாரும் முலாவுட்ஸியைப் பற்றிப் பேசவில்லை. பதினெட்டு வயது செமன்யாவின் உடம்பைப் பற்றித்தான் உலகமே பேசிக்கொண்டிருந்தது. முலாவுட்ஸி 2014-இல் கார் விபத்தில் இறந்தார், வயது 34.

செமன்யா பெயர் வந்ததும் நான் சாந்தி சௌந்தரராஜனைப் பற்றிச் சொன்னேன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, செங்கல்சூளைத் தொழிலாளி வீட்டுப் பெண். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. பாலினச் சோதனை என்று சொல்லிப் பறித்துக்கொண்டார்கள். மாமா கேள்விப்பட்டதில்லை. அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து கேட்டார். “செமன்யாவுக்கு இந்த நாடே சண்டை போட்டுச்சு. அந்தப் பொண்ணுக்கு உங்க ஊர்ல யார் நின்னா?” ஊரில் சிலர் நின்றார்கள், தமிழக அரசு அப்போது பணமும் கொடுத்தது. பதக்கம் வரவில்லை. அத்தைக்கு அந்தப் பதில் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மறுநாள் கோவிலில் கூழ். புளிப்பு தூக்கல், நல்ல கூழ்.

அப்புறம் ஜோகன்னஸ்பர்க் வேலை முடிந்ததும் பாட்செஃப்ஸ்ட்ரூமுக்கு ஒரு நடை போய்வந்தேன். செபெங்கின் ஊர் என்பதே காரணம். என்12 சாலையில் லெனேசியாவைத் தாண்டி, காய்ந்த பழுப்புப் புல்வெளி வழியாக ஒன்றரை மணி நேரம். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,350 மீட்டர் உயரம். ஐரோப்பிய ஓட்டக்காரர்கள் தங்கள் குளிர்காலத்தில் இங்கே வந்து பயிற்சி எடுக்கிறார்கள். மைதானத்துக்குக் கென்னத் மக்ஆர்தர் பெயர். 1912 மாரத்தானில் தங்கம் வாங்கிய இந்த ஊர்ப் போலீஸ்காரர். டர்பன் ஈரக்காற்றுக்குப் பழகிய மூக்கு அங்கே இரண்டாம் நாளே எரிந்தது. செபெங் பெயரை நான் தங்கிய விடுதியில் இருந்த இளைஞனுக்குத் தெரியவில்லை. அவன் ரக்பி ஆள்.

ஊர் திரும்பிய பிறகு, ஆகஸ்ட் 22 இரவு, மாமாவிடமிருந்து வாட்ஸ்அப். லோசானில் வன்யோன்யி 1:41.11. வில்சன் கிப்கெட்டரின் பழைய உலக சாதனை அட்சரம் பிசகாமல் அதே நேரம்தான். டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியில் வைத்த உலக சாதனையான 1:40.91-க்கு இன்னும் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. நல்ல முயல் ஒருவனை, அதாவது வேகம் பிடித்துக்கொடுக்கவே ஓடும் ஆளை, முன்னால் ஓடவிட்டால் இந்தப் பையன் தாண்டிவிடுவான் என்று மாமா எழுதியிருந்தார். லண்டன் இறுதியில் ருடிஷாவுக்கு எந்த முயலும் இல்லையே என்று பதில் போட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அரை மணி கழித்து நான்கு நிமிடக் குரல் செய்தி வந்தது, முழுக்க ஆங்கிலத்தில், நல்ல கோபத்தோடு.